பழைய பாட்டுத் தட்டுகளும் கேசட்டுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு சுவர் முழுக்கப் பழைய திரைப்பாடல் இசைத்தட்டுகளும் கேசட்டுகளும் இருக்கின்றன. வருகிற உறவினர், பக்கத்துத் தெருக்காரர், பரணில் தட்டு கிடைத்தது என்று பையோடு வருகிறவர், எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். முப்பது ஆண்டுகளாகச் சொல்லிவரும் பதில்களை ஒருமுறை எழுதி வைத்தால் என்ன என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே தந்திருக்கிறேன்.

எல்லாப் பாட்டும் செல்போனிலேயே கிடைக்கிறதே, இவ்வளவையும் எதற்கு வைத்திருக்கிறீர்கள்?

எல்லாப் பாட்டும் கிடைப்பதில்லை. வெற்றி பெற்ற படங்களின் பாடல்கள் கிடைக்கின்றன. ஓடாத படங்களின் பாடல்கள், திரைக்கு வெளியே பாடப்பட்ட தனிப்பாடல்கள், நகைச்சுவைத் தட்டுகள், நாடகப் பாட்டுகள் ஆகியவற்றில் எத்தனையோ யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் மட்டுமே உயிரோடு இருக்கின்றன. அந்த ஒரு தட்டு உடைந்தால் அந்தப் பாட்டு அவ்வளவுதான்.

செல்போனில் கிடைக்கும் பாட்டிலும் பாடியவர் பெயர், இசையமைப்பாளர் பெயர், ஆண்டு ஆகியவை பல இடங்களில் தவறாக இருக்கின்றன. ஒருவர் செய்த பிழையை நூறு பேர் படியெடுத்திருப்பார்கள். தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதம் பாட்டு வெளியான காலத்திலேயே அச்சான சாட்சி. அதற்காகவும்தான் வைத்திருக்கிறேன்.

எழுபத்தெட்டு, எல்.பி., ஈ.பி. என்று ஏதேதோ சொல்கிறீர்களே, அவை என்ன?

எழுபத்தெட்டு என்பது நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய தட்டு. பெரும்பாலும் 10 அங்குல அகலம், பக்கத்துக்கு ஒரு பாட்டு, மூன்று அல்லது மூன்றேகால் நிமிடம். அரக்கோடு கல்பொடியும் கரியும் கலந்து செய்தது. அந்த அரக்கு ஒரு சிறு பூச்சி மரக்கிளையில் சுரப்பது. உலகத்துக்கு அதைப் பெருமளவில் கொடுத்தது நம் நாட்டுக் காடுகள்தான். அமெரிக்காவில் அச்சான தட்டிலும் சோட்டா நாகபுரிக் காட்டு அரக்கு இருந்திருக்கலாம் என்று நினைத்தாலே எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

எல்.பி. 12 அங்குலம், நிமிடத்துக்கு 33⅓ சுற்று, பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கொள்ளும். 1948-இல் அமெரிக்காவில் வந்தது. அடுத்த ஆண்டே 7 அங்குல, 45 சுற்றுத் தட்டும் வந்தது. நம் ஊரில் அந்தச் சிறிய தட்டில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு பாட்டு அடக்கி ஈ.பி. என்று விற்றார்கள். இவை இரண்டும் வினைல் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. மேல்நாடுகளில் அரக்குத் தட்டு நின்றுபோன பிறகும் இந்தியாவில் பல ஆண்டுகள் அது வெளிவந்துகொண்டிருந்தது, ஏனென்றால் சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோன் மின்சாரம் இல்லாத ஊர்களில் இன்னும் பாடிக்கொண்டிருந்தது.

தாத்தாவின் தட்டுகள் பரணில் கிடந்தன. எது அரக்கு, எது வினைல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வளைத்துப் பார்க்காதீர்கள். வளைத்தால் அரக்குத் தட்டு அப்பளம்போல் உடையும். இரண்டு கைகளாலும் விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள். கனமாகவும் தடிமனாகவும் இருந்து, நகத்தால் விளிம்பில் மெல்லத் தட்டினால் ஓடு தட்டியதுபோல் சத்தம் வந்தால் அரக்கு. வினைல் இலேசானது, சத்தம் மந்தமாக இருக்கும்.

எங்கள் வீட்டில் பழைய கிராமபோன் இருக்கிறது. அதில் எல்.பி. போடலாமா?

வேண்டவே வேண்டாம். ஒரே ஒருமுறை போட்டாலும் அந்த எல்.பி. போய்விடும். கிராமபோனின் எஃகு ஊசி, அதைப் பிடித்திருக்கும் ஒலிப்பெட்டியின் முழுக் கனத்தோடு தட்டின்மேல் அழுந்துகிறது. அரக்குத் தட்டில் இருக்கும் கல்பொடி அந்த ஊசியைத் தேய்த்துப் பாட்டு பதிந்திருக்கும் பள்ளக் கோட்டுக்கு ஏற்றபடி வடிவமைத்துக்கொள்ளும். ஊசி தேய வேண்டும், தட்டு பிழைக்க வேண்டும் என்பதுதான் அந்த ஏற்பாடு. அதனால்தான் ஒரு பக்கம் முடிந்ததும் ஊசியை மாற்று என்று ஊசிப் பெட்டியிலேயே எச்சரித்திருப்பார்கள். மென்மையான வினைல் அந்த எஃகுக்கு ஈடுகொடுக்காது, ஊசி அதை உழுதுவிடும்.

இப்போதைய பிளேயரில் 78 என்ற வேகம் இருந்தாலும் அது மட்டும் போதாது. அரக்குத் தட்டின் கோடு அகலமானது. அதற்குச் சுமார் 75 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) முனை கொண்ட முள் வேண்டும். எல்.பி.க்கான முள் 25 மைக்ரான் அல்லது அதைவிடக் குறைவு. மெல்லிய முள்ளை அகலமான கோட்டில் விட்டால் அது அடியில் கிடக்கும் அழுக்கில் புரண்டு கரகரப்பைத்தான் பாடும். பல பிளேயர்களில் முள்ளை மட்டும் கழற்றி மாற்றலாம். வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள்.

தட்டுகளை எப்படிச் சுத்தம் செய்வது? ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் பளபளப்பாகிவிடும் என்கிறார்களே?

வினைல் வேண்டுமானால் அதில் பிழைக்கும். அரக்குத் தட்டில் ஸ்பிரிட் படவே கூடாது. மர வேலைக்காரர்கள் அரக்கை எதில் கரைக்கிறார்கள்? ஸ்பிரிட்டில்தானே. தொடக்க காலத்தில் எனக்குக் கிடைத்த பதினொரு தட்டுகளை, நல்லது செய்வதாக நினைத்து ஒரு பழுதுபார்ப்பவர் ஸ்பிரிட்டால் துடைத்துக் கொடுத்தார். பளபளப்பாகத்தான் இருந்தன. முள்ளை வைத்தால் காற்று வீசுவதுபோல் ஓர் இரைச்சல், அதற்குப் பின்னால் எங்கோ ஒரு குரல். அவற்றை இன்னும் தூக்கி எறிய மனம் வரவில்லை.

வாலை வடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்) ஒரு கிண்ணத்தில், அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. மெல்லிய துணியை நனைத்துப் பிழிந்து, கோடுகள் போகும் திசையிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும், குறுக்கே தேய்க்கக் கூடாது. நடுக் காகிதத்தில் ஈரம் படக் கூடாது. பிறகு வெறும் வடிநீரால் இன்னொரு முறை துடைத்து நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம். நம் ஊர் உப்புநீர் உலர்ந்தால் கோட்டுக்குள் வெள்ளையாகப் படிந்துவிடும்.

ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கலாமா?

கூடாது. புத்தகம்போல் நேராக நிறுத்தி வையுங்கள், சாயவும் விடாதீர்கள். பகலில் சூடேறும் சுவரோரம், சமையலறைக்கு அருகே, மழைக்காலத்தில் கசியும் மூலை, இந்த மூன்றும் ஆகாது. உட்காகித உறையில் பூஞ்சை பிடித்திருந்தால் அந்த உறையைத் தனியே எடுத்துவிட்டுப் புதிய உறை போடுங்கள். அச்சிட்ட உறையாக இருந்தால் எறிய வேண்டாம், வெயிலில் காயவைத்துத் தனியாக வைத்திருங்கள்.

கழுவியும் கரகரப்பு போகவில்லையே?

அழுக்காக இருந்தால் போகும். தேய்மானமாக இருந்தால் போகாது. நம் ஊர்களில் கிடைக்கும் தட்டுகளில் பாதி மைக் செட் கடைகளில் உழைத்தவை. கல்யாண வீட்டிலும் காதுகுத்திலும் கோயில் கொடையிலும் காலை நான்கு மணி முதல் கூம்பு ஒலிபெருக்கியில் பாடியவை. ஊசியைத் தாங்கும் பிளேயரின் கனமான கை, மாற்றப்படாத ஊசி, பந்தல் தூசி எல்லாவற்றையும் தாங்கியிருக்கின்றன. எந்தப் பாட்டு அதிகம் தேய்ந்திருக்கிறதோ அதுதான் அந்த ஊரில் அதிகம் விரும்பப்பட்ட பாட்டு. தேய்ந்த தட்டைப் பார்த்து நான் முகம் சுளிப்பதில்லை.

ஒரு வழி உண்டு. சற்றே அகலமான அல்லது சற்றே குறுகலான முனையுள்ள முள்ளை வைத்துப் பாருங்கள். பழைய ஊசி தேய்த்த இடத்துக்கு மேலோ கீழோ கோட்டின் சுவர் இன்னும் சேதமில்லாமல் இருக்கக்கூடும். சில தட்டுகளில் இந்த மாற்றம் என்னைத் திடுக்கிட வைத்திருக்கிறது.

அப்பாவின் கேசட்டுகள் இருபது ஆண்டுகளாகப் பெட்டியில் இருக்கின்றன. போட்டால் சிக்கிக்கொள்கிறது. இனி அவ்வளவுதானா?

பெரும்பாலும் குற்றம் கேசட்டில் இருக்காது, டேப் ரெக்கார்டரில் இருக்கும். உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும் அல்லது உருகிப் பிசினாகியிருக்கும். நாடாவை இழுக்கும் ரப்பர் உருளை வழவழப்பாகியிருக்கும். முதலில் உங்களுக்கு வேண்டாத ஒரு கேசட்டைப் போட்டுச் சோதியுங்கள். அப்பாவின் கேசட்டைக் கொண்டு இயந்திரத்தைச் சோதிக்கக் கூடாது.

அடுத்து, நாடா தெரியும் திறப்பில் ஒரு சிறு திண்டு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கேசட்டுகளில் ஒட்டு காய்ந்து அது விழுந்திருக்கும். அது இல்லாவிட்டால் நாடா, டேப் ரெக்கார்டரில் ஒலியைப் படிக்கும் தலையோடு சரியாக ஒட்டாது, ஒலி மங்கும். கெட்டுப்போன வேறொரு கேசட்டிலிருந்து எடுத்துப் பொருத்தலாம். திருகாணி போட்ட உறையைத் திறப்பது எளிது. ஒட்டிய உறையாக இருந்தால் நாடாவைத் திருகாணி போட்ட வேறு உறைக்கு மாற்றிவிடுங்கள். நாடா ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை. அதை ஓடவிட்டால் தலை வழியாக மற்ற கேசட்டுகளுக்கும் பரவும், எனவே தனியே ஒதுக்குங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் பென்சிலைச் சக்கரத்தில் விட்டுக் கையால் சில சுற்றுகள் சுற்றி இளக்கி, பிறகு இயந்திரத்தில் ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பவும் முன்னால் கொண்டுவாருங்கள். அதன் பிறகே கேட்க வேண்டும். மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளையும் இன்றே உடைத்துவிடுங்கள். தவறிப்போய் பதிவுப் பொத்தான் அழுந்தினாலும் பாட்டு அழியாது.

பழைய தட்டுகள் இப்போதும் எங்கே கிடைக்கும்?

சென்னையில் மூர் மார்க்கெட் இருந்தவரை அதுதான் இடம். 1985 மே மாதத் தீயில் அது எரிந்த பிறகு கடைக்காரர்களில் பலர் அருகில் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். மற்ற ஊர்களில் பழைய இரும்புக் கடை, மூடப்போகும் மைக் செட் கடை, வீடு காலி செய்கிறவர்கள். நான் வாங்கியவற்றில் பாதிக்குமேல் வாய்ச்சொல்லால் வந்தவை. கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

தட்டில் ஆண்டே போடவில்லையே, எந்த ஆண்டு என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

திரைப்பாட்டு என்றால் முதலில் படம் வெளியான ஆண்டு. தமிழில் முதல் பேசும்படம் வந்தது 1931-இல். அன்றிலிருந்து வந்த படங்களின் பட்டியலைத் தம் வாழ்நாள் வேலையாகத் தொகுத்துத் தந்தவர் பிலிம் நியூஸ் ஆனந்தன். அவருடைய உழைப்பு இல்லாவிட்டால் என்னைப் போன்றவர்கள் இருட்டில்தான் துழாவிக்கொண்டிருப்போம்.

படத்தின் பெயர் கிழிந்துபோயிருந்தால் இசையமைப்பாளர் பெயர் துணை செய்யும். விஸ்வநாதன் – ராமமூர்த்தி என்று இரண்டு பெயரும் இருந்தால் 1965 அல்லது அதற்கு முன்பு, ஏனென்றால் அந்த ஆண்டுதான் இருவரும் பிரிந்தார்கள். மறுபடி சேர்ந்தது 1995-இல் ஒரே ஒரு படத்துக்கு. எம்.எஸ். விஸ்வநாதன் என்று தனிப்பெயர் இருந்தால் பிந்தியது. இளையராஜா என்றால் 1976 அல்லது அதற்குப் பிறகு.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். இப்படிக் கிடைப்பது பாட்டின் ஆண்டு, கையில் இருக்கும் தட்டின் ஆண்டு அல்ல. 1958 படத்தின் பாட்டை 1970-களில் எல்.பி.யாகத் தொகுத்து வெளியிட்டிருப்பார்கள். ஆகவே கடைசிக் கோட்டுக்கும் நடுக் காகிதத்துக்கும் இடையிலுள்ள வெற்று வளையத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே சிறிய எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். அது அச்சு எண். காகிதத்தில் இருப்பது விற்பனை எண். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே நிறுவனத்தின் தட்டுகளை எண் வரிசையில் எழுதி, ஆண்டு தெரிந்தவற்றை இடையிடையே நட்டுக்கொண்டே வந்தால், தெரியாத தட்டு எந்த இரண்டு படங்களுக்கு நடுவே விழுகிறது என்பது தானாகத் தெரியும். ஒரு தனிப்பாட்டுத் தட்டின் காலத்தைக் கண்டுபிடிக்க இந்த முறையில் எனக்கு நான்கு ஆண்டு ஆயிற்று. கண்டுபிடித்த அன்று மனைவியை எழுப்பிச் சொன்னேன்.

இந்தப் பாட்டைப் பாடியவர் இன்னார் என்று அண்ணன் சொல்கிறார், இல்லை என்கிறார் மாமா. யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் தட்டைப் பார்க்கும்வரை தீர்ப்பு சொல்லாதீர்கள். காது நம்மை ஏமாற்றும். இளவயதில் யார் பெயரைச் சொல்லிக் கேட்டோமோ அந்தப் பெயரோடுதான் பாட்டு மனத்தில் ஒட்டிக்கொள்கிறது.

தட்டும் எப்போதும் முழு உண்மை சொல்வதில்லை. பின்னணிப் பாடகர் என்று ஒருவர் இருப்பதையே வெளியில் சொல்லாத காலம் ஒன்று இருந்தது. 1949-இல் வந்த ‘மஹல்’ என்ற இந்திப் படத்தில் லதா மங்கேஷ்கர் பாடி நாடே முணுமுணுத்த பாட்டின் தட்டில் அவர் பெயர் இல்லை. கதாபாத்திரத்தின் பெயரான காமினி என்பதைத்தான் அச்சடித்தார்கள். தமிழ்த் தட்டுகளிலும் பெயர் விடுபட்டவை, குழுவினர் என்று ஒரே சொல்லில் மூன்று நான்கு பேரை மூடியவை உண்டு.

அப்போது பாட்டுப் புத்தகத்தைத் தேடுவேன். படக்கொட்டகை வாசலில் சில காசுக்கு விற்ற மெல்லிய புத்தகம் அது. பாதிக் கதையைச் சொல்லிவிட்டு ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடிப்பார்களே, அதேதான். அதில் பாடல் வரிகள் முழுமையாக இருக்கும், பலவற்றில் பாடியவர் பெயரும் இருக்கும். படத்திலிருந்து வெட்டப்பட்ட பாட்டும்கூட இருக்கும். தட்டும் புத்தகமும் படத்தின் எழுத்துப் பட்டியலும் ஒத்துப்போனால் பேனாவால் எழுதுவேன். இல்லாவிட்டால் பென்சிலால்தான்.

படத்தில் இருக்கும் ஒரு சரணம் தட்டில் இல்லை. என் தட்டு குறைபாடுள்ளதா?

இல்லை. முன்னே சொன்ன மூன்று நிமிடக் கணக்குதான் காரணம். பாட்டு நீளமாக இருந்தால் தட்டுக்காகச் சுருக்கிப் பாடினார்கள், அல்லது முதல் பாகம் ஒரு பக்கம், இரண்டாம் பாகம் மறுபக்கம் என்று பிரித்தார்கள். பலமுறை தட்டுக்கென்று தனியாகவே பதிவு செய்தார்கள். அப்படிப்பட்டவற்றில் வாத்தியங்கள் மாறியிருக்கும், சங்கதி மாறியிருக்கும். இரண்டில் எது அசல் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான்.

அதே பாட்டைத் தொலைக்காட்சியில் கேட்டால் சுருதி கொஞ்சம் ஏறியிருப்பதுபோல் தெரிகிறதே, என் காதில் கோளாறா?

உங்கள் காது நல்ல காது. திரையரங்கில் படம் விநாடிக்கு 24 சட்டங்கள் (ஃபிரேம்கள்) வீதம் ஓடும். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறை விநாடிக்கு 25 சட்டங்கள். படத்தைத் தொலைக்காட்சிக்கு மாற்றும்போது அப்படியே 25-இல் ஓட்டிவிடுவது வழக்கமாக இருந்தது. ஆகவே எல்லாமே 4 சதவீதம் வேகமாகும். மூன்று நிமிடப் பாட்டு ஏழு விநாடி சுருங்கும், சுருதி அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறும். தொலைக்காட்சியிலிருந்தும் குறுந்தகடுகளிலிருந்தும் எடுத்துச் செல்போனில் உலவும் பழைய பாட்டுகள் பலவற்றில் பாடகரின் குரல் இளைத்துத் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தட்டிலும் வேகம் தப்பலாம். பிளேயரின் வேகத்தைச் சரிபார்க்கக் கோடு போட்ட வட்டத் தாள் ஒன்று உண்டு. நம் 50 சுழற்சி மின்சாரத்தில் எரியும் குண்டு பல்பு வெளிச்சத்தில், 33⅓-க்கு 180 கோடுகளும் 78-க்கு 77 கோடுகளும் நின்றதுபோல் தெரிந்தால் வேகம் சரி. அமெரிக்கத் தாளில் 33⅓-க்கு 216 கோடுகள் இருக்கும், அது இங்கே உதவாது. எல்.இ.டி. விளக்கிலும் பெரும்பாலும் தெரியாது.

சிறுவயதில் இலங்கை வானொலியில் கேட்ட பாட்டு ஒன்று, இங்கே யாருக்கும் தெரியவில்லை. எங்கே தேடுவது?

நாகப்பட்டினத்தில் வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டு வானொலிப் பெட்டியில் திருச்சியைவிட கொழும்புதான் தெளிவாகக் கேட்டது. 1952-இல் மத்திய அமைச்சர் கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை நிறுத்தியது. கேட்பவர்கள் கூட்டமாகக் கடல் கடந்து போனார்கள். 1957 அக்டோபரில் விவிதபாரதி தொடங்கிய பிறகும் எங்கள் கரையில் கொழும்பை விடவில்லை. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் ஆகிய அறிவிப்பாளர்களின் குரல்கள் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் குரல்போல. காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ தொடங்கினால் பள்ளிக்குக் கிளம்ப வேண்டிய நேரம் என்று அர்த்தம்.

அந்த வானொலி, பாட்டு பிரபலமா இல்லையா என்று பார்க்கவில்லை. ஓடாத படத்தின் பாட்டையும் நல்லதென்றால் போட்டது, படத்தின் பெயரையும் பாடியவர் பெயரையும் மரியாதையோடு சொன்னது. ஆகவே உங்கள் நினைவில் இருக்கும் பாட்டு ஓடாத படத்தின் பாட்டாகவோ, இலங்கைக் கலைஞர்களின் மெல்லிசைப் பாட்டாகவோ இருக்கலாம். நினைவிருக்கும் இரண்டு வரிகளை மெட்டோடு செல்போனில் பாடிப் பதிந்து வையுங்கள். எழுதி வைத்தால் மெட்டு போய்விடும். பிறகு அறுபது, எழுபது வயதுக்காரர்களிடம் அதைப் போட்டுக் காட்டுங்கள். எனக்கு இப்படித்தான் ஏழு பாட்டுகள் கிடைத்தன, ஒன்று பேருந்துப் பயணத்தில்.

நீங்கள் சேர்ப்பது சினிமாப் பாட்டு மட்டும்தானா? அந்தத் துள்ளல் பாட்டுகள் இல்லையா?

இருக்கின்றன. 1970-களில் இலங்கையில் தமிழில் பொப் இசை என்று ஓர் அலை எழுந்தது. கிட்டாரும், பைலா என்ற இலங்கை ஆட்டப் பாட்டின் தாளமும், யாழ்ப்பாணப் பேச்சும் சேர்ந்த பாட்டுகள். நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் ஆகியோரின் பாட்டுகளை எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோரும் பாடித் திரிந்தோம். மனோகரன் பின்னர் சென்னைக்கு வந்து ‘சிலோன்’ மனோகர் என்ற பெயரில் திரைப்படங்களிலும் நடித்தார். 2018 ஜனவரியில் சென்னையில்தான் காலமானார். இந்தப் பாட்டுகளைத் திரைப்பாட்டுக்குக் கீழே வைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கதாநாயகனின் முகம் துணைக்கு இல்லாமல், பாட்டு மட்டும் தனியாக நின்று ஊரைப் பிடித்தது. அது எளிதான காரியமா?

ஒவ்வொரு தட்டுக்கும் என்ன எழுதி வைக்கிறீர்கள்?

நீண்ட கணக்கு நோட்டில் ஒரு தட்டுக்கு ஒரு பக்கம். காகிதத்தில் இருப்பதை எழுத்துப் பிழையோடு அப்படியே எழுதுவேன். இரண்டு எண்கள், எந்தப் பக்கத்தில் எந்தப் பாட்டு, தேய்மானம், யாரிடமிருந்து எந்த ஊரில் வந்தது. கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு தட்டு பரமக்குடி மைக் செட் கடையிலிருந்து வந்தது என்பதும் அந்தப் பாட்டின் வரலாறுதான். நான் ஊகித்த எதையும் பென்சிலால் எழுதுவேன் என்று முன்பே சொன்னேன்.

இவற்றைக் கணினிக்கு மாற்ற வேண்டும். எந்த அளவில் பதிவது?

ஒரே ஒருமுறைதான் செய்யப்போகிறீர்கள் என்று நினைத்துச் செய்யுங்கள். பதிவை 24 பிட், 96 கிலோஹெர்ட்சில், வேவ் அல்லது ஃபிளாக் கோப்பாக வையுங்கள். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2 ஜிபி ஆகும். ஃபிளாக் ஆக்கினால் ஒலி குறையாமலே அளவு கணிசமாகக் குறையும். எம்பி3 பேருந்தில் கேட்க நல்லது, பாதுகாக்க உதவாது. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளே போதும். ஒலி அளவு சிவப்பைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோப்பின் பெயரில் தட்டின் எண்ணையும் பாட்டின் முதல் சொற்களையும் சேருங்கள். வெறும் ‘பாட்டு 17’ என்று வைத்த கோப்பு சில ஆண்டுகளில் அநாதையாகிவிடும். இரண்டு தனித்தனி வட்டுகளில், முடிந்தால் இரண்டு வீடுகளில் வையுங்கள்.

மென்பொருளால் கரகரப்பை முழுக்க நீக்கிவிடலாமே?

நீக்கலாம், ஆனால் நீக்காத பதிவை அழிக்கக் கூடாது. அளவுக்கு மீறித் துடைத்தால் கரகரப்போடு ஜாலராவும் புல்லாங்குழலின் மூச்சும் பாடகரின் ‘ஸ’கரமும் போய்விடும். தண்ணீருக்குள்ளிருந்து பாடுவதுபோல் ஆகும். நான் ‘டக், டக்’ என்று வரும் வெட்டுகளை மட்டும் எடுப்பேன். புதிய மேளமும் எதிரொலியும் சேர்த்து விற்கும் பதிப்புகள் என் வீட்டில் கிடையாது.

எனக்கும் அனுப்புங்களேன். பழைய பாட்டுதானே, உரிமை எல்லாம் முடிந்திருக்குமே?

அவ்வளவு எளிதல்ல. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, அது முதலில் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1962-இல் வெளியான பதிவென்றால் 2022 முடிவோடு அந்த உரிமை தீர்ந்தது. ஆனால் வரிகளுக்கும் மெட்டுக்கும் கணக்கு வேறு: படைத்தவர் மறைந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள். கண்ணதாசன் மறைந்தது 1981, ஆகவே அவர் வரிகளுக்கு 2041 முடியும்வரை. எம்.எஸ். விஸ்வநாதன் மறைந்தது 2015, ஆகவே அவர் மெட்டுகளுக்கு 2075 முடியும்வரை. பதிவுக்கு உரிமை தீர்ந்துவிட்டாலும் பாட்டுக்கு உரிமை இருக்கும்.

ஆகவே நான் பாட்டுக் கோப்புகளை ஊருக்கெல்லாம் அனுப்புவதில்லை. வீட்டுக்கு வாருங்கள், உட்கார்ந்து கேட்போம். தட்டிலுள்ள விவரங்களை யார் கேட்டாலும் தருகிறேன். எந்த எண், எந்தப் பக்கம், யார் பாடியது என்ற செய்திக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது.

இத்தனை ஆண்டுகளாகச் சலிப்பு வரவில்லையா?

ஒருமுறை வந்தது. ஒரே ஆண்டில் நானூறு தட்டுகள் வாங்கிக் குவித்தேன். வாங்கியதைக் கேட்கவும் இல்லை, எழுதவும் இல்லை. கட்டுகளைப் பார்த்தாலே மலைப்பாக இருந்தது. ஏறக்குறைய எட்டு மாதம் அந்த அறைக்குள்ளேயே போகவில்லை.

அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு தட்டு, ஒன்றே ஒன்று. துடைத்து, கேட்டு, பதிந்து, நோட்டில் எழுதி, உறையில் போட்டு நிறுத்தி வைத்தால்தான் அடுத்ததைத் தொடலாம். எழுதாத தட்டுகள் இருபதுக்கு மேல் சேர்ந்தால் புதிதாக வாங்குவதில்லை. ஆண்டுக்கு ஐம்பது தட்டுகள் முடிகின்றன. உங்களுக்கும் அதையே சொல்வேன். நிறைய வேண்டாம், நின்றுவிடாமல் இருந்தால் சரி.

உங்களுக்குப் பிறகு இவையெல்லாம் என்ன ஆகும்?

இந்தக் கேள்வியைத் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். தயங்க வேண்டாம், நானே யோசித்து வைத்திருக்கிறேன். தட்டுகளைப் பிரித்து விற்கக் கூடாது என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போலப் பழையவற்றைப் பாதுகாக்கவே இயங்கும் இடங்கள் இருக்கின்றன. கொடுக்கும்போது நோட்டுகளோடு சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். நோட்டு இல்லாத தட்டு அவர்களுக்குப் புதிதாக ஒரு வேலை, தட்டு இல்லாத நோட்டு வெறும் காகிதம்.

இப்போது மகள் மாதம் ஒருமுறை வந்து பென்சில் எழுத்துகளைச் சரிபார்க்கிறாள். சென்ற மாதம் மூன்றைப் பேனாவுக்கு மாற்றினாள். ஒன்றை அழித்துவிட்டு, நான் சொன்னது தவறு என்று தட்டைக் காட்டினாள்.